எலிக்கு மறதி தீர்ந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூலிகைச் சாறு கொடுத்ததும் எலிகளுக்கு அல்சைமர் குணமாகிவிட்டது, மூளையில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஆக்சிஜனின் வினையால் செல்களுக்கு நேரும் சேதம்) குறைந்துவிட்டது என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் நோயை எப்படி வரவழைத்தார்கள், மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்ற இரண்டும் செய்தியில் இருப்பதே இல்லை.

சாதாரண எலிக்கு அல்சைமர் வராது. அல்சைமரில் மூளையில் படியும் புரதம் பீட்டா அமிலாய்டு; எலியின் பீட்டா அமிலாய்டு நம்முடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் மாறுபட்டது. மூளையில் திட்டுத்திட்டாகப் படிவதில்லை. எனவே மறதியைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். நினைவுக்குத் தேவையான நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கும் ஸ்கோபோலமினைக் கிலோ எடைக்கு 1 மி.கி. ஊசி போட்டால் அரை மணியில் தடுமாறும் எலி, சில மணி நேரத்தில் தானாகவே தெளிந்துவிடும். இதை அல்சைமர் என்பதே அதிகம்.

அலுமினியம் குளோரைடை வாய்வழியே வாரக்கணக்கில் புகட்டுவது இன்னொரு முறை. மலிவானது என்பதால் நம் ஊர்க் கல்லூரிகளிலும் நடக்கிறது. இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சாற்றையும் அலுமினியத்தையும் அடுத்தடுத்துப் புகட்டினால், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் வயிற்றிலேயே அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நஞ்சே மூளைக்குப் போய்ச் சேராதபோது, மூளையை மருந்து காத்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விட வேண்டும்; கடைசியில் மூளைத் திசுவில் அலுமினியம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்து காட்ட வேண்டும்.

ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளப்பதிலும் சிக்கல்கள் உண்டு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள நம் மூளை, ஓய்விலும் உடலின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. எளிதில் சிக்குப் பிடிக்கும் கொழுப்பும் அதில் அதிகம். அப்படிக் கெட்ட கொழுப்பிலிருந்து வரும் மலோன்டையால்டிஹைடை, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கி, இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். திசுவைச் சுக்ரோஸ் கரைசலில் அரைத்திருந்தால் சர்க்கரையும் குறுக்கே வந்து நிறத்தைக் கெடுக்கும். குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றாமல் மூளையை எடுத்தால், ரத்தத்தின் இரும்பு சூடாக்கும்போதே கொழுப்பைச் சிதைத்து அளவை ஏற்றிவிடும். சிவப்பணுக்களில் கேட்டலேஸ் என்ற பாதுகாப்பு நொதி நிறைய இருப்பதால், 'மூளையின் பாதுகாப்பு நொதி கூடியது' என்ற போலி முடிவும் வரும். குளுட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானை அளக்க வைத்த திசுவை அரைத்த கையோடு அமிலத்தில் போடாவிட்டால் மேசையிலேயே அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

நுண்ணோக்கிப் படங்களைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் கறுத்துச் சுருங்கிய நரம்புச் செல்களைக் காட்டி 'செத்த செல்கள்' என்பார்கள். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நன்றாக ஊறுவதற்குள் மூளையை அழுத்தி எடுத்தாலும் செல்கள் இதேபோல் கறுக்கும். உயிருள்ள செல்களை எண்ணிக் காட்டாத படத்தை நாங்கள் ஆதாரமாகக் கொள்வதில்லை.

மூளையில் அமிலாய்டு படியும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் இவற்றைவிட நம்பகமானவை. டிஜி2576 என்ற வகையில் அமிலாய்டு படிவதற்கு முன்பே கொழுப்புச் சிதைவு கூடுகிறது என்று 2001இல் காட்டினார்கள். 2004இல் அதே வகைக்கு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ கொடுத்தபோது, இளம் சுண்டெலிகளில் அமிலாய்டு குறைந்தது, வயதானவற்றில் குறையவில்லை. மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். பெரும்பாலான ஆய்வுகளில் நஞ்சோடு சேர்த்தே, அல்லது அதற்கு முன்பே, மருந்தும் கொடுக்கப்படுகிறது. நோயாளியோ செல்கள் அழியத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவரிடம் வருகிறார்.

மனிதர்களில் என்ன நடந்தது? தினம் 2000 யூனிட் வைட்டமின் ஈ, லேசான மறதி உள்ளவர்களுக்கு அல்சைமர் வருவதைத் தடுக்கவில்லை (2005). நோய் வந்தவர்களில் அன்றாட வேலைத்திறன் குறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தியது. நினைவாற்றலில் பயன் தெரியவில்லை (2014). சுண்டெலிகளில் நம்பிக்கை தந்த மஞ்சளின் குர்குமின், 24 வாரச் சோதனையில் நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை (2012). ரத்தத்தில் அது சேர்ந்ததே மிகச் சொற்பம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால், மனிதருக்கான அளவைக் கணிக்க, உடல் பரப்பளவு வித்தியாசத்துக்காக அதை 6.2ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 2 கிராம் வருகிறது. அது வற்றவைத்த சாறு, பச்சை இலையல்ல. செய்தியோடு இந்தக் கணக்கையும் போட்டால் நல்லது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் செய்தியைப் படித்துவிட்டு அதிக அளவு வைட்டமின் ஈ மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு வரலாம் என்ற வரியையும் கூடவே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நரம்பு உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் சிலர்