பறவை பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு தரப்போகிறோம். வீட்டுப் பக்கத்திலோ ஏரிக்கரையிலோ பார்க்கும் பறவையை வரைந்து, தேதி போட்டு, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான். போன பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "பறவை பார்த்து என்ன ஆகப்போகுது சார், முதல்ல கணக்குல மார்க் வரட்டும்" என்று சிலர் சொன்னீர்கள். நியாயமான கவலைதான். அன்றைக்கு நேரம் போதவில்லை. பீட்டர் ஸ்காட் என்ற பறவை ஓவியருடைய வாழ்க்கையைச் சொல்லி இப்போது பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1912 மார்ச் மாதக் கடைசி. தென்துருவம் வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட பிரிட்டன் கடற்படை அதிகாரி கேப்டன் ஸ்காட், இனிப் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, கூடாரத்துக்குள் இருந்தபடி மனைவி காத்லீனுக்குக் கடிதம் எழுதினார். முடிந்தால் நம் பையனுக்கு இயற்கையைப் பற்றிய படிப்பில் ஆர்வம் வரச் செய், அது விளையாட்டுகளைவிட மேலானது, சில பள்ளிகளில் அதற்கு ஊக்கம் தருகிறார்கள் என்று அதில் இருந்தது. பையனுக்கு அப்போது இரண்டரை வயது. பெயர் பீட்டர். சாகும் நேரத்திலும் ஒரு தகப்பனுக்குப் பள்ளிக்கூட நினைப்பு வந்திருக்கிறது. அவர் சொன்ன 'சில பள்ளிகளில்' நம்முடையதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

காத்லீன் ஒரு சிற்பி. லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் கேப்டன் ஸ்காட் சிலை அவர் செய்ததுதான். பிள்ளையை வெயிலிலும் காற்றிலும் திரியவிட்டு வளர்த்தார். பீட்டர் கேம்பிரிட்ஜில் அறிவியல் படிக்கச் சேர்ந்து, பிறகு பாடத்தை மாற்றிக்கொண்டு கலை வரலாற்றில் பட்டம் வாங்கினார். குரூப் மாறினால் எதிர்காலமே போயிற்று என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனியுங்கள். அப்புறம் ஓவியம் முறையாகப் பயின்றார். அந்தி வானத்தில் வரிசை வரிசையாகப் பறக்கும் வாத்துகள்தான் அவர் படங்களில் அதிகம். 1933இல் லண்டனில் ஓவியக் கண்காட்சி வைத்தார். அந்த வருமானத்திலேயே வாழ முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளமையில் அவர் வேட்டைக்காரர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வாஷ் என்ற பெரிய கடல் விரிகுடா இருக்கிறது. அதன் சேற்றுப் பரப்புகளில் விடியும் முன்பே துப்பாக்கியோடு காத்துக் கிடந்து காட்டு வாத்துகளைச் சுட்டவர். ஒருமுறை அடிபட்டு விழுந்த வாத்து, யாரும் நடந்து போக முடியாத சேற்றில் கிடந்தது. மறுநாளும் உயிரோடுதான் கிடந்தது. அது அவரை உலுக்கிவிட்டது. மெல்ல மெல்லத் துப்பாக்கியைக் கைவிட்டார். நம் பையன்கள் சிலர் பையில் உண்டிவில் இருப்பது எனக்குத் தெரியும். அடித்துத் திருத்த வேண்டாம். பறவை எங்கே உட்காரும், எப்போது எழும்பும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கூர்மையான கண்ணுக்கு வேறு வேலை கொடுப்போம்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். பிறகு போர் வந்தது, கடற்படையில் சேர்ந்தார். இரவுக் கடலில் கப்பல்கள் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரிவதைக் கவனித்து, தன் கப்பலுக்கு வெளிர் நிறம் பூசச் சொன்னார். அந்த முறை பிறகு அட்லாண்டிக்கில் காவல் போன பல கப்பல்களுக்கும் பரவியது. வாத்து வரைந்த கண் எங்கே போய் உதவியது பாருங்கள்.

போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்துக்கு வாத்து பார்க்கப் போனார். அங்கேயே ஒரு பறவை மையம் தொடங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் அறக்கட்டளை பிறந்தது. அறிஞர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் பறவையை அருகில் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் அக்கறை வரும் என்பதில் உறுதியாக இருந்தார்.

ஹவாய் தீவுகளில் நேனே என்று ஒரு வாத்து உண்டு. வேட்டையாலும், வெளியிலிருந்து வந்த கீரி, பூனை, எலிகளாலும் அழிந்து, 1950 வாக்கில் காட்டில் ஏறக்குறைய 30 மட்டுமே மிஞ்சியிருந்தன. அங்கிருந்து ஒரு ஜோடி ஸ்லிம்பிரிட்ஜுக்கு வந்தது. ஆணும் பெண்ணும் என்று நம்பி வளர்த்தார்கள். இரண்டும் முட்டையிட்டன! உடனே ஹவாய்க்குத் தகவல் போக, ஓர் ஆண் வாத்து விமானத்தில் வந்து சேர்ந்தது. 1952இல் குஞ்சுகள் பொரிந்தன. பத்தே ஆண்டுகளில், 1962இல், ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த வாத்துகளை ஹவாயின் மாவி தீவுக்குத் திருப்பி அனுப்பி மலையில் விட்டார்கள். நேனே இன்றும் அங்கே பறக்கிறது. 2019இல் அமெரிக்க அரசு அதை மிக ஆபத்தான நிலையிலிருக்கும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, ஆபத்து ஒரு படி குறைந்த இனங்களின் பட்டியலுக்கு மாற்றியது.

நோட்டுத் திட்டத்துக்கு நேரடியாக விதை போட்டது அன்னங்களின் கதை. 1964 குளிர்காலத்தில், அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்த குளத்தில் பியூயிக் அன்னங்கள் வந்து இறங்கின. ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருபவை. நமக்குப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. பீட்டர் ஸ்காட் உட்கார்ந்து வரைந்தார். வரைய வரைய, ஒவ்வொன்றின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் வேறு வேறு மாதிரி அமைந்திருப்பது புலப்பட்டது. ஒவ்வொரு முகத்தையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்து, ஒரு பெயரும் வைத்தார். குடும்பமே சேர்ந்து செய்த வேலை அது. மகள் டாஃபிலாவும் அதில் சேர்ந்துகொண்டார். அந்தப் பெண்ணின் பெயரே ஊசிவால் வாத்தின் பழைய அறிவியல் பெயர்களில் ஒன்று. அந்த வாத்து குளிர்காலத்தில் நம்மூர் ஏரிகளுக்கும் வருகிறது.

அடுத்த ஆண்டு அன்னங்கள் திரும்பி வந்தபோது, போன வருடம் வந்தவை எவை, யாரோடு யார் ஜோடி, எந்தக் குஞ்சு யாருடையது என்று சொல்ல முடிந்தது. ஜோடிகள் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சேர்ந்தே இருக்கின்றன, தாய் தகப்பனோடுதான் குஞ்சுகள் முதல் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பவற்றை ஒவ்வொரு பறவையாக அடையாளம் வைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு இன்றும் தொடர்கிறது. ஆரம்பத்தில் அதற்குத் தேவைப்பட்டது பென்சிலும் தாளும் பொறுமையும்தான். விலை உயர்ந்த கருவி எதுவும் கேட்டு உங்களைத் தொந்தரவு செய்யாததற்கு இதுவே காரணம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கக்கூடிய அந்தப் பாண்டா சின்னத்துக்கு வடிவம் கொடுத்தது அவர் கைதான். கறுப்பு வெள்ளையில் இருந்தால் அச்சுச் செலவு குறையும் என்பதும் பாண்டாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். அழியும் நிலையில் உள்ள உயிர்களைப் பட்டியலிடும் 'சிவப்புத் தரவுப் புத்தகம்' அவருடைய யோசனை. நம் பிள்ளைகளின் அறிவியல் பாடத்திலேயே அந்தப் பெயர் வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புக்காக 1973இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அந்தப் பணிக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். 1989 ஆகஸ்டில், 80 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார்.

உங்கள் பிள்ளை பீட்டர் ஸ்காட் ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பொருளை உற்றுப் பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அறிவியல் பாடமும் எளிதாகும், கணக்கில் கவனப்பிழையும் குறையும். இத்தனை வருட வகுப்பறை அனுபவத்தில் இதை நம்புகிறேன்.

சரி, ஏற்பாடுகளைப் பற்றி. நோட்டுக்கு மார்க் கிடையாது. படம் சரியில்லை என்று வீட்டில் யாரும் திருத்த வேண்டாம், நீங்களே வரைந்து கொடுக்கவும் வேண்டாம். காகத்தையும் மைனாவையும் தவிர எதுவும் இல்லை என்று பிள்ளை சொன்னால், காகத்தையே ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு ஆசிரியர்கள் துணையோடு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறோம், எட்டரைக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். தொப்பி, தண்ணீர் பாட்டில், பென்சில் கொடுத்தனுப்புங்கள். நீர் ஆழமான பகுதிக்கு யாரையும் விடமாட்டோம். உடன் வர விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம். ஊர்ப் பறவைகளின் பெயர் தெரிந்த தாத்தா பாட்டி வந்தால் எங்களுக்கு இன்னும் நல்லது. இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்