ஒன்றேகால் லட்சம் எப்படி ஒரு ரூபாய் ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல் மொழி வந்தது நல்ல விஷயம். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் ஒரு வரியை மட்டும் எல்லோரும் யோசிக்காமலே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயனரிடம் ஒரு தொகையை வாங்கி, ஃபுளோட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிக்கொள்ளும் வரி அது. நாளைக்கு இதே பிள்ளைகள்தான் வங்கிக்கும் மளிகைக் கடைக்கும் மென்பொருள் எழுதப் போகிறார்கள் என்பதால், இதற்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கீபோர்டில் நாம் எதைத் தட்டினாலும் பைத்தானுக்கு அது முதலில் வெறும் எழுத்துதான். 45.5 என்றால் நாலு, ஐந்து, ஒரு புள்ளி, மறுபடி ஐந்து என்று நான்கு குறிகள், அவ்வளவே. அதைக் கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக மாற்றும் அந்த இடத்தில்தான் வம்பு எல்லாம்.

நம் ஊர் பாஸ்புக்கில் எழுதுவது போல 1,25,000.50 என்று கமா போட்டுக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் ‘வேல்யூ எரர்’ (மதிப்பில் பிழை) என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு எரிச்சல்தான் வரும், ஆனால் அது நமக்குச் செய்யும் பெரிய உபகாரம் அது. ஏனென்றால் இதே தொகையை, இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃபுளோட்டிடம் கொடுத்தால், அது இடமிருந்து வாசித்துக்கொண்டே வரும், 1 என்று எடுத்துக்கொள்ளும், அடுத்து கமாவைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு 1 என்று விடை கொடுத்துவிடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிப் போனது யாருக்கும் தெரியவே தெரியாது. பிளஸ் ஒன்னில் சி++ மொழி படித்தவர்கள், கீபோர்டில் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் சின் கட்டளையில் இதே தொகையை உள்ளிட்டுப் பார்க்கலாம், அங்கும் 1தான் வரும். மிச்சமிருக்கும் கமாவும் எண்களும் அப்படியே வரிசையில் காத்திருந்து, அடுத்து வாங்க வேண்டிய எண்ணையும் கெடுத்துவிடும்.

சரி, கமாவை நீக்கிவிட்டு மாற்றினால் போதுமே என்று பலரும் சொல்வார்கள். நம் ஊர்த் தொகைக்கு அது போதும். ஆனால் பாரிஸில் கடை வைத்திருக்கும் நம் ஆட்கள் பன்னிரண்டரை யூரோவை 12,50 என்றுதான் எழுதுவார்கள், அங்கே கமாதான் தசமப் புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு கமாவை நீக்கினால் அது 1250 ஆகிவிடும். அதனால் தொகை எந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு, அந்த வழக்குக்குப் பொருந்தாததை ஏற்க மறுப்பதுதான் சரியான வழி, அது கொஞ்சம் கூடுதல் வேலை என்றாலும்.

பைத்தானும் எல்லாவற்றையும் மறுத்துவிடுவதில்லை. நம் தமிழ் எண்களில் ௧௨.௫ என்று கொடுத்தால் அழகாக 12.5 என்று மாற்றித் தரும்! இதைப் பார்த்ததும் மாணவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இதை வகுப்பில் காட்ட வேண்டும். ஆனால் என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினாலும் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ‘எண்ணே அல்லாதது’ என்று ஒரு சிறப்பு மதிப்பு இருக்கிறது, அதற்கான எழுத்துகள் அவை. அந்த மதிப்பை எதனுடன் ஒப்பிட்டுப் பெரிதா சிறிதா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘கேட்ட தொகை கணக்கிலுள்ள இருப்பைவிடப் பெரிதாக இருந்தால் நிறுத்து’ என்று ஒருவர் நிரல் எழுதியிருந்தால், இந்த மூன்றெழுத்து அந்தக் காவலைத் தாண்டிப் போய்விடும்.

அப்புறம் காசு விஷயம். கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணை வைத்துக்கொள்வதால் 0.1 என்பதை அதனால் அச்சு அசலாக வைத்துக்கொள்ள முடியாது. மிக நெருக்கமான வேறொரு எண்ணைத்தான் வைத்துக்கொள்ளும். கணினி தசம எண்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற பொதுத் தரம்தான் இதைப் பெரும்பாலான கணினிகளில் ஒரே மாதிரி ஆக்கியது, அதற்கு முன்பு இயந்திரத்துக்கு ஒரு விடை வந்துகொண்டிருந்தது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அறிவியல் கணக்குக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் 19.99 ரூபாயை ஃபுளோட்டாக்கி, நூறால் பெருக்கி, முழு எண்ணாக வெட்டிப் பாருங்கள், 1999 பைசாவுக்குப் பதில் 1998 வரும். பணத்துக்கு பைத்தானிலேயே டெசிமல் என்று தனி வகை இருக்கிறது. எழுத்தாக வந்த தொகையை நேராக அதில் கொடுக்க வேண்டும், நடுவில் ஃபுளோட்டாக்கிவிட்டால் பிழையும் கூடவே போய்விடும்.

எண் போலத் தெரிவதை எல்லாம் எண்ணாக்கத் தேவையே இல்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எக்செல்லில் அப்படியே தட்டினால் அது 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லையே, அது எழுத்தாகவே இருக்கட்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2011-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஜனவரியில் பிஎச்பி மொழியிலும் அடுத்த மாதமே ஜாவாவிலும் இந்த மாற்றும் வேலையில் ஒரு பிழை வெளியே வந்தது. 2.2250738585072012 என்பதைப் பத்தின் மைனஸ் 308-ஆவது அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணை எழுத்தாகக் கொடுத்தால் ஜாவா முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிஎச்பியை முடக்கியது கடைசி இலக்கம் மட்டும் மாறிய இன்னொரு எண். இணையத்தில் எங்கிருந்தோ ஒருவர் அந்த ஒரு எண்ணை அனுப்பியே சர்வரைத் திணறடிக்க முடிந்தது. உலகமே பயன்படுத்தும் மொழிகளுக்கே இந்த நிலை.

கணினி ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் ‘இரண்டு எண்களை வாங்கிக் கூட்டுக’ என்று மட்டும் கேட்காமல், 1,25,000.50 என்று கமாவுடன் ஒன்று, எதுவுமே தட்டாமல் என்டர் மட்டும் அழுத்துவது ஒன்று, ‘ஐநூறு’ என்று எழுத்தில் ஒன்று என்று கொடுத்து, நிரல் ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியை,
நாமக்கல்