பாஸ்கல் இயந்திரத்தில் சக்கரம் பின்னால் சுழலாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினி வரலாறு பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் கணக்கு இயந்திரத்தில் சக்கரத்தை முன்னால் சுற்றினால் கூட்டல், பின்னால் சுற்றினால் கழித்தல் என்றிருந்தது. பலரும் இப்படித்தான் எழுதிவருகிறார்கள். ஆனால் அதன் சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுழலும்.

காரணம், கூட்டும்போது மீதி 1 அடுத்த இடத்துக்குப் போகும் இனமாற்றம் நடக்கும் விதம். 1623-இல் ஜெர்மன் அறிஞர் ஷிக்கார்டு வகுத்த இயந்திரத்தில் அடுத்த இடத்துக்கு மீதி 1-ஐத் தள்ளியது ஒரே ஒரு பல். 99999-உடன் 1 கூட்டினால், எல்லாச் சக்கரங்களின் பாரமும் ஒன்றாம் இடத்துச் சக்கரத்தின் தலையில் விழும், பல் சிக்கிக்கொள்ளும். 1642-இல், வரி அலுவலில் இருந்த தந்தைக்காக வேலையைத் தொடங்கிய பாஸ்கல் வேறு வழி பிடித்தார். சக்கரம் 9-ஐ நெருங்க நெருங்க, எடை கட்டிய ஒரு கை மேலே தூக்கப்படும். 9 போய் 0 வந்ததும் கை விடுபட்டு விழும். விழுகிற வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளும். விரலுக்குக் கூடுதல் பாரம் இல்லை. சோதிப்பதும் எளிது: எல்லா இடத்திலும் 9 வைத்து, கடைசியில் 1 கூட்டினால் வரிசையாக 0 விழ வேண்டும். ஆனால் பெட்டி சமதளத்தில் இருக்க வேண்டும். சாய்ந்தாலோ தட்டுப்பட்டாலோ கை அகாலத்தில் விழுந்து விடை கெடும். பின்னால் சுற்ற இந்த அமைப்பில் இடமே இல்லை.

பிறகு கழித்தல் எப்படி? எண் உருளையில் இரண்டு வரிசை உண்டு. ஒன்றில் 4 என்றால் மற்றதில் 5. இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 9. ஒரு வரிசையை மறைக்க நகரும் பட்டை இருக்கிறது. 350-இலிருந்து 127-ஐக் கழிக்க, பட்டையை நகர்த்தி, கழித்தல் வரிசையில் 350 தெரியும்படி வைக்க வேண்டும். அப்போது மறைந்த வரிசையில் இருப்பது 649. பழைய டயல் போனைச் சுற்றுவதுபோல, ஆனால் குச்சியால், 127-ஐச் சுற்றினால் அங்கே 776 ஆகும். கண்ணுக்குத் தெரிவது 223. கடன் வாங்கும் வேலையே இல்லை. இன்றைய கணினிகளும் இதே உத்தியை இரும எண்ணில் வைத்துத்தான் கழிக்கின்றன. கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, எல்லாச் சக்கரத்துக்கும் பத்துப் படி என்பதும் சரியல்ல. பணக் கணக்குக்குச் செய்தவற்றில் வலக்கோடிச் சக்கரத்துக்கு 12 படி, அதற்கு அடுத்ததற்கு 20; அன்றைய பிரான்சில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்