மருந்துக்கடைக்காரர்களுக்கு: கண்கட்டிக்கு முதலில் ஒத்தடம், பிறகுதான் சொட்டு

மருந்துக்கடை நண்பர்களே, வணக்கம்.

இமையில் கட்டி வந்தவர் கண் மருத்துவரிடம் வருமுன் உங்களிடம்தான் வருகிறார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் குறையற மாதிரி ஒரு டிராப்ஸ் குடுங்க" என்பார். பல நேரம் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு கைமாறுகிறது. இரண்டு நாளில் சிவப்பு வடியும்; கட்டி அங்கேயே இருக்கும். கண்ணைப் பரிசோதித்தவர் எழுதாமல் அந்தச் சொட்டைக் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மேலிமைக்குள் சுமார் 30, கீழிமைக்குள் சுமார் 25 எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக உள்ளன. அவற்றின் வாய் இமை விளிம்பில், முடிகளுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. அது அடைத்து, எண்ணெய் கெட்டிப்பட்டுத் திசுவுக்குள் கசிந்தால் பட்டாணி அளவில் வலியில்லாத உருண்டை உண்டாகும். இதுதான் கலேசியன். அங்கே கொல்வதற்குக் கிருமி இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு வேலையும் இல்லை. முடியின் வேரில், தொட்டாலே வலிக்கும் மஞ்சள் முனைக் கட்டி வேறு. அது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால் வருவது; அதுவும் பலருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானே உடைந்து வடிந்துவிடும்.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், அடைப்பைத் திறக்காது. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். வலி இருக்காது என்பதால் பார்வை நரம்பு கெட்ட பிறகே தெரியவரும். இமையில் வந்திருப்பது ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளமாக இருந்தாலோ, கருவிழியில் புண் பரவ நாமே வழிவிட்டதாகிவிடும். (கலேசியனுக்குள் கண் மருத்துவர்களான நாங்களும் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. ஆனால் அது பரிசோதித்துவிட்டுக் கட்டிக்குள் மட்டும் செலுத்துவது.)

இரண்டு வகைக்கும் முதல் வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். "ஒத்தடம் குடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், துணியை ஒரு தடவை நனைத்து வைத்துவிட்டுப் பலனில்லை என்று திரும்பி வருவார்கள். நனைத்த துணி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும்; கெட்டிப்பட்ட எண்ணெய் இளக அது போதாது. கையைக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிய வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, சுடாமல் இதமாக இருந்தால் மூடிய இமைமேல் வைக்கலாம். ஆற ஆற மீண்டும் நனைத்து, மொத்தம் 10 நிமிடம். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. ஈரத் துணியை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். சூடு திட்டுத்திட்டாக ஏறி, மெல்லிய இமைத்தோல் வெந்துபோகும்.

கலேசியன் என்றால் ஒத்தடம் முடிந்த கையோடு, விரல் நுனியால் முடி இருக்கும் விளிம்பை நோக்கி மெல்ல நீவலாம்: மேலிமையில் மேலிருந்து கீழே, கீழிமையில் கீழிருந்து மேலே. பிதுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. சீழ் உள்ளே பரவும். கட்டி ஆறும்வரை கண் மை வேண்டாம், பழைய மையைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். கலேசியன் கரைய 4 முதல் 6 வாரம் பிடிக்கலாம். மூன்றாம் நாளே கைவிடுகிறவர்கள்தான் அதிகம். கரையாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு இமையின் உள்பக்கமாகச் சுரண்டி எடுத்துவிடலாம், வெளியே தழும்பு தெரியாது.

சிலரை எதுவும் விற்காமல் அனுப்பிவிடுங்கள். இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணை அசைத்தால் வலி, இரட்டைப் பார்வை, பார்வை மங்கல், விழி முன்தள்ளல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்கு. வயதானவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, அங்கே முடியும் உதிர்ந்தால் அதைக் கலேசியன் என்று நம்பிவிடக் கூடாது. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் அந்த வேடத்தில்தான் வரும்; திசுப் பரிசோதனை தேவை. சின்னக் குழந்தையின் மேலிமையில் பெரிய கட்டி என்றால், அது கருவிழியை அழுத்திப் பார்வையைக் கெடுக்கலாம். மூக்கோரம் தட்டையாக மஞ்சள் திட்டு இருப்பவருக்குச் சொட்டே வேண்டாம், கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

காலி பாட்டிலைக் காட்டி "இதையே குடுங்க" என்று கேட்பவர்களும் வருவார்கள். பாட்டிலின் பொடி எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுகளில் எந்தப் பெயர் இருந்தாலும் புதுச் சீட்டு கேளுங்கள்.