இரண்டாவது போர்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு) வகுப்பு என்றால் ஆளுக்கு அந்தச் சில்லு பொருத்திய ஒரு போர்டு, அதில் ஓர் எல்இடி விளக்கு, அது மின்னினால் கைதட்டல் என்பது வழக்கமாகிவிட்டது. வாகன மென்பொருளில் ஆர்வமுள்ள மாணவருக்கு அது போதாது. காரில் இன்ஜின், பிரேக், கதவு என்று தனித்தனிக் கணினிகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவதுதான் விஷயமே. சமூக மன்றங்களில் இத்தகைய வகுப்பு நடத்துவோர் இரண்டாவது போர்டையும் கொடுக்க வேண்டும். செலவு கூடுமென்றால் இரண்டு மாணவர்களைச் சேர்த்து உட்காரவைக்கலாம்.

அந்தப் பேச்சுக்கு வழி, போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் பஸ். பல கணினிகள் ஒரே இரண்டு வயர்களில் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை அது. ஒரு போர்டு அனுப்பும் செய்தியின் கடைசியில், கேட்ட இன்னொன்று ‘வந்தது’ என்று ஒரு பிட் போட வேண்டும். தனியாக இருக்கும் போர்டுக்கு அது கிடைக்காது. அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். மாணவரோ போர்டு கெட்டுவிட்டதென்று நினைத்து வேறு வாங்கப் போவார்.

காசு செலவழிக்கும் முன்பே பழகலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், கேன் செய்திகளைக் கையாளும் சாக்கெட்கேன் 2008 முதல் இருக்கிறது. அதிலுள்ள விகேன் என்ற மெய்நிகர் பஸ்ஸை இயக்கி, கட்டளை தட்டும் டெர்மினல் ஒன்றில் செய்திகளைக் காட்டும் கேன்டம்ப், இன்னொன்றில் செய்தி அனுப்பும் கேன்சென்ட் என்று திறந்தால் வயரே இல்லாமல் செய்தி ஓடும். ஐசிசிம் என்ற இலவச மென்பொருள் கார் டாஷ்போர்டையே திரையில் காட்டும். கதவைத் திறக்கும் செய்தி எது என்று தேடிப் பிடிப்பதே நல்ல பாடம்.

பிறகு வயர். போர்டைக் கேன் பஸ்ஸோடு இணைக்கும், விலை குறைந்த எம்சிபி2515 மாட்யூல்கள் இரண்டு வாங்கினால், முதலில் அவற்றின் துடிப்பு வேகத்தைத் தரும் வெள்ளி நிறக் கிரிஸ்டலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பலவற்றில் 8 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கும். இணையத்தில் எடுத்த அமைப்பிலோ 16 என்று இருக்கும். மாட்யூலை இயக்கும் மென்பொருளான டிரைவர் எந்தக் குறையும் சொல்லாது, வேகம் மட்டும் நொடிக்கு 500க்குப் பதில் 250 கிலோபிட் ஆகிவிடும். இரண்டு போர்டிலும் ஒரே தவறு இருந்தால் அவை நன்றாகவே பேசிக்கொள்ளும்! மூன்றாவதைச் சேர்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இந்த மாட்யூல்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நேரடியாக இணைக்க வேண்டாம்.

பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் ஒன்று அதிகம். சாண் நீள வயரில் ஒரு ரெசிஸ்டரோடும் வேலை நடக்கும், அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இதற்கு மேல் போக விரும்புவோருக்கு மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான செஃபிர் இயங்குதளத்தின் கேன் மாதிரி நிரல்கள் உண்டு. கார்களுக்கென்றே உருவாக்கப்படும் ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸைத் தொடுபவர்கள் முதல் நாளே யோக்டோ என்ற கருவியால் அதை மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய இறங்க வேண்டாம். அதற்கு 100 ஜிபிக்கு மேல் காலியிடமும் நிறைய ரேமும் தேவை. சாதாரண மடிக்கணினி பாதியில் திணறி நின்றுவிடும். தயாராகக் கிடைக்கும் இமேஜை (இயங்குதளம் முழுதும் அடங்கிய கோப்பு) கியூஇமு என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்தாலே போதும். ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸின் வெளியீடுகளுக்கு மீன் பெயர்கள் சூட்டுவார்கள். ஒரு மீனின் கையேட்டை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் பிழை மேல் பிழைதான்.

கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழுக்கும் சேர்த்துப் பணம் கட்டி அப்பா வாங்கிய காரில் சோதனை வேண்டவே வேண்டாம். அனுபவமுள்ளவர் உடனிருந்து காரின் பழுதறியும் ஓபிடி சாக்கெட்டில் இணைத்தாலும், ‘கேட்க மட்டும்’ முறையில் வைத்து, மாட்யூலின் 120 ஓம் ரெசிஸ்டரை இணைக்கும் ஜம்பர் துண்டைக் கழற்றிவிட வேண்டும். காரில் ஏற்கெனவே இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், செங்காங்