தாத்தாவின் பாட்டு நோட்டு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ பேசி இருபத்து மூன்று நாட்கள் ஆகின்றன. அந்தக் கூட்டத்தில் நீ பாடியதைச் சித்தப்பா தம் கைப்பேசியில் காட்டினார். குரல் அப்படியே தாத்தாவுடையது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதன்பின் என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடு.

நீ பாடிய 'கத்தியின்றி ரத்தமின்றி' இன்று பள்ளி விழாப் பாட்டாகிவிட்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, நாமக்கல் கவிஞரின் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டாலும் படுக்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவிட்டிருந்ததால், ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பாட்டுச் சத்தம் திருத்துறைப்பூண்டிச் சாலையில் கேட்ட பிறகுதான் நம் வீட்டில் உலை வைத்தார்களாம். அப்போது தாத்தாவுக்குப் பத்து வயது. இதையும் சொல்லிவிட்டுப் பாடு, அம்மா. பாடி முடித்ததும் அங்கே நிற்காமல், இருட்டுவதற்குள் திரும்பிவிடு.

நீ கேட்ட நோட்டைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். முதல் பக்கங்களில் இருந்தவை, 1928இல் அரசாங்கம் பாரதியாரின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தபோது உன் கொள்ளுத்தாத்தா கையால் படியெடுத்தவை. நடுவில் உப்புப் பயணப் பாட்டு. கடைசியில் இருந்தவை, 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு நடவுப் பெண்கள் வயலில் பாடியதைத் தாத்தா வரப்பில் நின்று கேட்டு எழுதிய ஒப்பாரிகள். வெள்ளைக்காரனை எதிர்த்த பாட்டுக்குச் சில பக்கங்கள் தள்ளி, கூலி கேட்டவர்களுக்குச் சுதந்திர நாட்டில் நேர்ந்ததைச் சொல்லும் பாட்டு இருந்தது. இவ்விரண்டையும் இப்படி அருகருகே வைத்த பாடநூல் எதையும் நான் படித்ததில்லை.

அந்த நோட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். 1976இல், நெருக்கடிநிலையின்போது, எனக்கு வேலை கிடைத்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெருவில் இரண்டு பேரை இரவோடிரவாக அழைத்துச் சென்றார்கள். மறுநாள் இரவு அதை வெந்நீர் அடுப்பில் நானே போட்டேன். காலையில் தாத்தா சாம்பலைப் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் அவர் பாடி நான் கேட்டதில்லை.

சிக்கல் அத்தைக்கு அந்த ஒப்பாரிகளில் சில இன்னும் நினைவிருக்கின்றன. வயது எண்பத்து மூன்று, மூச்சு வாங்குகிறது. ஒலிப்பதிவுக் கருவியோடு வா. காலைப் பேருந்திலேயே ஏறிவிடு. நாகப்பட்டினத்தில் நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா