அந்தச் சிவப்புத் தொப்பிப் பெரியவருக்கும் மற்ற எல்லாருக்கும்

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இட்லி கேட்டார், கொடுத்தோம், உப்பில்லாத சாம்பாரை நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதிலேயே எங்களுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. 2018 பிப்ரவரி 12, திங்கட்கிழமை ராத்திரி, பாஸ்டன் டிடி கார்டன் அரங்கத்தில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; என்ன ஆயிற்று என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும், சிலர் அங்கேயே இருந்தீர்கள், அதனால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இன்னும் இரண்டு நாள் போனால் எனக்கே வார்த்தை வராது.

முதலில் ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஜெயித்துவிட்டோம்! பாஸ்டன் யூனிவர்சிட்டியை (பி.யூ.) 5–2. முப்பது வருடம் கழித்து பீன்பாட், அதாவது பாஸ்டன் காலேஜ்களின் ஐஸ் ஹாக்கிக் கோப்பை, பானைதான் கோப்பை, நம் நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டிக்கு. 1988க்குப் பிறகு நம் பசங்க அந்தப் பானையைத் தொட்டதே இல்லை. 2005, 2009, 2011, 2013, 2014, 2015 என்று இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்த் தோற்ற கதை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதுவும் 2011இல் பாஸ்டன் காலேஜிடம் (பி.சி.) 7–6, 2015இல் இதே பி.யூ.விடம் 4–3, இரண்டும் ஓவர்டைமில். பக்கத்துப் பக்கத்திலேயே நான்கு காலேஜ், பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமை, அவ்வளவுதான் போட்டி. திங்கள் வரைக்கும் கோப்பைக் கணக்கு எப்படி இருந்தது? பி.யூ. 30, பி.சி. 20, ஹார்வர்ட் 11, நாம் 4. இத்தனைக்கும் 1952 டிசம்பரில் முதல் பீன்பாட் நடந்த அதே பழைய பாஸ்டன் அரீனாதான் பின்னால் நம் மேத்யூஸ் அரீனா ஆனது. கல்யாண மண்டபம் நம்முடையது, மாலை மட்டும் எப்போதும் அடுத்தவன் கழுத்தில்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி பிறந்ததற்காக வந்தவர், இந்தக் குளிரில் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டிக்காரர். அங்கே லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடக்கிற நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இருக்காது, அவரும் ஒரு காலத்தில் ஃபுல்பேக் ஆடியவர், முட்டியில் பந்து பட்ட தழும்பை இன்றைக்கும் காட்டுவார். ‘இங்கேயும் ஹாக்கி இருக்குப்பா, ஐஸ்ல’ என்று நான் சொன்னதிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின வாரம் அரையிறுதியில் பி.சி.யை நாம் 3–0 என்று அடித்ததை வீட்டில் டிவியில் பார்த்தோம், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் போயும் ஆடலாம் என்று தெரிந்ததும் ‘இது என்னடா அநியாயம்’ என்றார், மட்டையின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கோப்பை என்பது பீன்ஸ் வேக வைக்கிற பானை என்று நான் விளக்கியபோது அவர் கேட்டது: “பயறு அவிக்கிற சட்டிக்கா இவ்வளவு அடிதடி?”

இறுதி ஆட்டத்துக்கு பால்கனியில்தான் இடம் கிடைத்தது, டாக்ஹவுஸ் பசங்களிடமிருந்து (நம் காலேஜின் மாணவர் ரசிகர் கூட்டம்) தள்ளி, இரண்டு பக்க ஆட்களும் கலந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில். குளிருக்காக அம்மா பின்னிக் கொடுத்த மஃப்ளரை அப்பா சுற்றியிருந்தார். சுத்தச் சிவப்பு. நம் நிறமும் சிவப்புதான் என்றாலும் நமக்குக் கறுப்பும் சேர்ந்து வரும், வெறும் சிவப்பும் வெள்ளையும் என்றால் அது பி.யூ. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், எழுபது வயது இருக்கும், நரைத்த மீசை, காது வரை இழுத்துவிட்ட பி.யூ. தொப்பி, அந்த மஃப்ளரைப் பார்த்துவிட்டு நம்ம ஆள் என்று நினைத்து அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே புகுந்து இல்லை சார், நாங்கள் ஹஸ்கி, நார்த்ஈஸ்டர்ன் பக்கம் என்றேன். மனிதர் அப்பாவையும் மஃப்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, யாரும் பிறக்கும்போதே நல்லவராகப் பிறப்பதில்லை என்றார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், அவருக்குத் தமிழ் சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். அப்பா கோட்டுப் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துப் பாதியை உடைத்துக் கொடுத்தார், அவர் பயந்து பயந்து ஓரத்தைக் கடித்தார், அப்புறம் மிச்சப் பாதிக்கும் கையை நீட்டினார். நம் கோல்கீப்பர் கேடன் ப்ரீமோவுக்குப் பதினெட்டு வயதுதான், அவன் அப்பா கீத் ப்ரீமோ என்.எச்.எல்., அதாவது இங்கே பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக், அதில் ஆடியவர்; அன்றைக்கு பி.யூ.வில் ஆடிய பிரேடி கச்சக்கின் அப்பாவும் என்.எச்.எல். ஆள், அவர் பெயரும் கீத். இதைப் பெரியவர் விரல் விட்டு விளக்க, அப்பா என் பக்கம் திரும்பி, ‘அப்ப கீத்துன்னு பேர் வச்சாத்தான் பிள்ளை நல்லா ஆடுமா’ என்று கேட்டார். அவர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்ட கடைசிக் கேள்வி அது.

அப்பாவுக்கு முடியாமல் போன அந்தக் களேபரத்தில், சக்கர நாற்காலி வந்து, நான் அப்பாவின் செருப்பையும் கண்ணாடியையும் தேடிக்கொண்டிருந்தபோது, பெரியவர் என் கையிலிருந்த போனை வாங்கித் தன் நம்பரை அடித்துத் தன் போனுக்கே ஒரு மிஸ்டு கால் விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஸ்கோர் அனுப்புகிறேன், அவருக்குச் சொல் என்றார். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் ஸ்கோர் யாருக்கு வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சுற்றி ஒயர் ஒயராக ஒட்டிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. ‘கோடெட். உங்கள் ஆள்.’ அவ்வளவுதான் மெசேஜ். அப்பா கண்ணாலேயே என்ன என்று கேட்டார், கோல் நமக்கு என்றேன். கட்டிலில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் மட்டும் மெதுவாக மேலே வந்தது. அது வரைக்கும் அவர் எந்தப் பேச்சுக்கும் அசையவில்லை, அம்மாவிடம் போனில் பேசச் சொன்னபோது கூட. அதற்கப்புறம் நான் அந்தப் போனைக் கீழே வைக்கவில்லை.

ஒவ்வொன்றாக வந்தது. ‘ஸ்டீவன்ஸ்.’ (அவனும் நம் ஆள்.) ‘எங்களுக்கு ஒன்று, பெருமைப்பட ஒன்றுமில்லை.’ ‘மறுபடியும் கோடெட். இந்தப் பையனை யாராவது பிரெய்ன்ட்ரீயில் அவன் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.’ (ஆடம் கோடெட் இங்கே பக்கத்து ஊர்ப் பையன்தான்.) ப்ரீமோ தடுக்கத் தடுக்க மெசேஜில் கெட்ட வார்த்தை வரும், ஒரு நிமிடம் கழித்து அதற்கு மன்னிப்பு வரும். 38 ஷாட் தடுத்தான் அந்தப் பையன், அன்றைக்கு எத்தனை மன்னிப்பு வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பி.யூ.வின் ஜோர்டன் கிரீன்வே அந்த வாரம் தென்கொரியாவில் ஒலிம்பிக் அணியோடு இருந்தான், அவன் இருந்திருந்தால் கதையே வேறு என்று எந்த பி.யூ. ரசிகரும் சொல்லியிருப்பார், இந்த மனிதர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

கோடெட்டின் மூன்றாவது கோலுக்கு வந்ததை அப்படியே தருகிறேன்: ‘மூன்று. தொப்பிகள் பறக்கின்றன. என்னுடையது என் தலையிலேயே இருக்கிறது.’ அப்பாவுக்கு இது புரியவில்லை, ஒரே ஆள் மூன்று கோல் போட்டால் இங்கே ஜனம் தொப்பியைக் கழற்றி ஐஸில் எறியும் என்று நான் சொல்ல, நர்ஸ் அதைக் கேட்டுச் சிரிக்க, அப்பா ‘குளிருமே’ என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கடைசியில் வந்தது: ‘5–2. முடிந்தது. தூங்கினால் எழுப்பிச் சொல்.’ கொஞ்ச நேரம் கழித்து ஒரு போட்டோ. கோணலாக, முன்னால் யாரோ ஒருவருடைய மண்டை பாதியை மறைத்துக்கொண்டு நிற்க, தூரத்தில் நம் பசங்க பானையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கார்டனில் ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோற்கிறோம் என்று தெரிந்ததும் தோற்ற பக்கத்து ஆட்கள் நார்த் ஸ்டேஷன் கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள், யாருக்கு வேண்டும் எதிராளியின் கொண்டாட்டம். இவர் தன் பரம எதிரி கோப்பை வாங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, ஒரு கடலை மிட்டாய்ப் பழக்கத்துக்காக அதைப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் 2015 ஓவர்டைம் கோலுக்கு அப்புறம் யாருக்காவது ஸ்கோர் அனுப்பியிருப்பேனா? அன்றைக்கு நான் வீடு வரைக்கும் யாரோடும் பேசாமல் நடந்தவன்.

இதில் உதவி என்று கணக்கில் காட்ட என்ன இருக்கிறது, நாலு மெசேஜ்தானே என்று ஒருவர் கேட்டார். எனக்கும் விளக்கத் தெரியவில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அதில்தான் அவர் பிழைத்தார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தது ரிப்போர்ட்டுக்காக மட்டும் இல்லை, அடுத்த மெசேஜுக்காகவும். பயப்படுவதற்கு நடுவில் வேறு ஒன்றுக்காகக் காத்திருக்க முடிந்தது. அதைக் கொடுத்தது அவர்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். வரிசையையே காலி செய்து வழி விட்டவர்கள், கீழே இருந்து ஓடி வந்த அரங்கத்து முதலுதவிக்காரர்கள், லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொண்டு யாரையும் ஏறவிடாமல் நின்ற அந்த அம்மா, எங்கள் கோட்டையும் பையையும் மறுநாள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்த டாக்ஹவுஸ் பசங்க இரண்டு பேர் (முகத்தில் இன்னும் பெயின்ட், தொண்டை சுத்தமாகப் போயிருந்தது, சைகையிலேயே பேசினார்கள்), கைக்குழந்தையோடு தனியாக இருந்த என் மனைவிக்கும் அம்மாவுக்கும் துணையாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, மிளகு ரசம் கொண்டுவந்த நண்பர்கள், போன் கூடாது என்ற போர்டுக்குக் கீழேயே என்னை போன் பார்க்க விட்ட நர்ஸ். எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்புறம் கோச் ஜிம் மேடிகனுக்கும் பசங்களுக்கும். மேடிகன் எண்பதுகளில் நமக்காக ஆடி இதே பானையைத் தூக்கியவர், இந்த முறை கோச்சாகவும் தூக்கிவிட்டார். நேரில் பார்க்கிற கொடுப்பினை எனக்கு இல்லாமல் போனது, போகட்டும், ரெக்கார்டிங் இருக்கிறது, அப்பாவும் நானும் சேர்ந்து பார்ப்போம். டாக்டர் அனுமதித்தால் சத்தத்தோடு.

நேற்று அப்பா என்னை உட்கார வைத்துப் பெரியவருக்கு ஒரு பதில் அடிக்கச் சொன்னார். நான் நன்றி, கடவுள், நல்ல மனம் என்று ஏதோ அடிக்கப்போக, அதெல்லாம் வேண்டாம், நான் சொல்வதை அடி என்றார். ‘உங்கள் கோல்கீப்பர் நல்ல கோல்கீப்பர். டிஃபன்ஸ் அவனைக் கைவிட்டுவிட்டது. ஃபுல்பேக் ஆடியவன் சொல்கிறேன்.’ ஆட்டத்தில் பாதியைக் கூடப் பார்க்காத மனிதர் இதைச் சொல்கிறார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: ‘சீசன் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி கூடக் கேட்பதில்லை.’

கோவில்பட்டியிலிருந்து இரண்டு கிலோ கடலை மிட்டாய்க்கு அம்மா ஊருக்குப் போன் போட்டாயிற்று. அடுத்த பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, யாரோடு யார் மோதினாலும், அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சீட் வேண்டும் என்று இப்போதே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா அதற்குள் ஊருக்குப் போயிருப்பார், அதனால் ஸ்கோர் அனுப்புகிற வேலை இனி என்னுடையது, கோவில்பட்டிக்கு, அங்கே விடிகாலை ஆனாலும் சரி. பி.யூ. கோல் போட்டால் பெரியவருக்காக எழுந்து நிற்பேன். கை மட்டும் தட்ட மாட்டேன், அதை அவரும் எதிர்பார்க்க மாட்டார்.